மூன்றாம் நம்பர் ஷெட்

திருவொற்றியூர்
22-8-1974

லூர்துமேரி அம்மாளுக்கு,

சவரிநாதன் எழுதுகிறேன். என் அண்ணன் சிலுவைமுத்து முந்தாநாள் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் காலமானார். நேற்று இங்கேயே அடக்கம் செய்துவிட்டோம். சாயக் கம்பெனியில் எங்கள் மூன்றாம் நம்பர் ஷெட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். சாமியார் வந்து ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்தார்.

உங்களுக்குத் தந்தி அடிக்கவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தது நான். பெண்டாட்டியையும் மகளையும் கூப்பிடட்டுமா என்று அண்ணனைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கூப்பிடு என்றுதான் சொல்லியிருப்பார். அவர் குணம் அது. அதனாலேயே கேட்கவில்லை.

போன கிறிஸ்மஸ் லீவில் வீட்டுக்கு வந்தவரை மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்தீர்களாம். தட்டையும் டம்ளரையும் தனியாகப் பிரித்து வைத்தீர்களாம். மகள் கிட்டே போகக் கூடாது என்றீர்களாம். ஐந்து நாள் லீவு மிச்சம் இருக்கும்போதே அவர் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "ஊர்ல ஒரே கொசுடா" என்றார். மீதியை நம் ஊர்க்காரர்கள்தான் வந்து சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கிறது. கம்பெனி டாக்டர் தன் ரிஜிஸ்தரில் மாரடைப்பு என்று எழுதிக்கொண்டார். அண்ணனுடைய துணிமணிகளை ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். தொடுவதற்குப் பயமாக இருந்தால் எரித்துவிடுங்கள்.

சவரிநாதன்


மரக்காணம்
9-9-1974

தம்பி சவரிநாதனுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் உப்பளத்து வரப்பிலேயே கொண்டுவந்து கொடுத்தார். நான் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். நின்ற இடத்தில் படித்தேன். படித்துவிட்டு மீதிப் பாத்தியையும் வாரி முடித்துத்தான் கரையேறினேன். மேகம் கட்டியிருந்தது. விட்டால் கரைந்துவிடும். இதையும் யாராவது வந்து உங்களிடம் சொல்வார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் நிஜம். நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள். கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால் மணல் சிவப்பாக இருந்தது. அவர் காலால் தள்ளி மூடிக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டேன். "சூடுடி, மோர் குடிச்சா சரியாப் போயிடும்" என்றார். நான் விடவில்லை, குழந்தைசாமி கம்பவுண்டரிடம் கூட்டிப் போனேன். கம்பவுண்டர் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது மேக வியாதிம்மா. டவுன்ல தனியா இருக்கிற ஆம்பளைங்களுக்கு வர்றதுதான். கண்ட எடத்துக்குப் போறது. நீ ஜாக்கிரதையா இருந்துக்க, வீட்ல வயசுப்பொண்ணு இருக்குது" என்றார்.

எனக்கு நாற்பது வயது ஆகிறது. கல்யாணமான இருபது வருஷத்தில் அவரோடு இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. கம்பவுண்டர் சொன்னதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்பியிருப்பேன்? வீட்டுக்கு வந்து அவரிடமே கேட்டேன். "எவகிட்ட போனே?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குற்றம் செய்தவன்தான் பேசாமல் இருப்பான் என்று நினைத்தேன்.

கம்பவுண்டர் கடையில் இருந்தவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். மரியசெல்வியை அந்தோணிதாஸுக்குப் பேசியிருந்தோம். அவன் அப்பா வந்து, "வேணாம்மா, எங்க வீட்ல பயப்படுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். நீங்கள் அவரோடு ஒரே ரூமில் பதினாறு வருஷம் இருந்தவர். அவர் அப்படிப்பட்ட இடத்துக்குப் போனாரா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள். அந்த இங்கிலீஷ் சீட்டையும் அனுப்புங்கள். துணிகள் வந்தன. எரிக்கவில்லை.

லூர்துமேரி


திருவொற்றியூர்
6-10-1974

அண்ணிக்கு,

சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் அதை யாரிடமும் காட்டிப் படிக்கவில்லை. படித்து ஆகப்போவது என்ன?

நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதமாட்டேன். அண்ணனைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை என் கையால் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். நீங்களும் இனிமேல் எழுத வேண்டாம்.

மரியசெல்வி என்ன பாவம் செய்தாள்? எனக்குக் குடும்பம் இல்லை. அவள் எனக்கும் மகள்தான். இப்போது நான் ஷெட்டில் மேஸ்திரி. அண்ணன் இடம் காலியாக இருக்கிறது, ஆள் போட என் பேச்சை மேனேஜர் கேட்பார். அந்தோணிதாஸின் அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். உப்பளத்தில் வருஷத்துக்கு நாலு மாசம் சும்மா உட்காருகிற பையனுக்கு நிரந்தர வேலை என்றால் வீட்டில் பயப்படுகிறவர்களுக்குக் கூடப் பயம் தெளியும்.

சவரிநாதன்


மரக்காணம்
9-1-1975

தம்பி சவரிநாதனுக்கு,

மரியே வாழ்க. அந்தோணிதாஸின் அப்பா வெற்றிலை பாக்கோடு வந்தார். பழையதை ஒன்றும் பேசவில்லை. பையன் இரண்டாம் தேதி வேலையில் சேர்ந்துவிட்டதாகவும், ஈஸ்டர் கழிந்து கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மரியசெல்வி ஒரு வருஷத்துக்கு அப்புறம் தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள். உங்களுக்கு என்மேல் இருக்கிற கோபத்தோடு இதைச் செய்தீர்கள். அதை மறக்கமாட்டேன்.

20-1-1975

மேலே எழுதியதைத் தபாலில் போடாமலே வைத்துவிட்டேன். இந்தப் பதினோரு நாளில் ஒன்று நடந்துவிட்டது.

உங்கள் ஷெட்டில் இருந்து உடம்புக்கு முடியாமல் வந்த கலியனைத் தெரியுமே. அவர் பெண்டாட்டி ஆராயி என்னோடு உப்பளத்தில் வேலை செய்கிறவள். பொங்கலுக்கு முந்தின நாள் அவள் வேலைக்கு வரவில்லை. கலியனுக்கு ரொம்ப முடியவில்லை என்றார்கள். நான் போனேன். கலியன் மாட்டுக் கொட்டகையில் கிடந்தார். ஆராயி வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, "எவகிட்ட போய் வாங்கிட்டு வந்தானோ, எனக்குத் தெரியலையே" என்று அழுதாள்.

தம்பி, கேளுங்கள். அதே கொட்டகை, அதே தனித்தட்டு. கம்பவுண்டரும் அவரேதான். சொன்ன வார்த்தைகூட மாறவில்லை. கலியனுக்கு அறுபது வயது. முட்டி பிடித்துப்போய் நடக்க முடியாத மனுஷன். அவர் எந்த இடத்துக்குப் போயிருப்பார்?

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். அந்த இங்கிலீஷ் சீட்டை இத்தனை நாள் நானும் யாரிடமும் காட்டவில்லை. அதில் அந்த வியாதியின் பெயர் இருக்கும் என்ற பயம். பங்குச் சாமியாரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "மூத்திரப்பையில புற்றுன்னு எழுதியிருக்குது லூர்துமேரி" என்றார். "இது பொம்பளைங்ககிட்ட போறதால வர்றதா சாமி?" என்று கேட்டேன். சாமியாரிடம் கேட்கிற கேள்வியா என்று யோசிக்கவில்லை. "இல்லம்மா, அது வேற, இது வேற" என்றார்.

கலியன் நேற்று இறந்துவிட்டார். வயோதிகம் என்று கிராமக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு கேள்வி கேட்கிறேன். அந்த ஷெட்டில் இன்னும் யார் யார் இப்படிப் போனார்கள்? உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

லூர்துமேரி


திருவொற்றியூர்
10-2-1975

அண்ணிக்கு,

இனிமேல் இன்லண்டில் எழுதி ஒட்டி அனுப்புங்கள். கார்டில் எழுத வேண்டாம். தபாலெல்லாம் கம்பெனி கேட்டில் பிரித்துக் கொடுப்பவர்களின் கண்ணில் பட்டுத்தான் வருகிறது.

நீங்கள் கேட்டதற்காக உட்கார்ந்து யோசித்தேன். ஷெட் திறந்தது ஐம்பத்தைந்தில். அப்போதிருந்த ஆட்கள் பதினொரு பேர். நான் மூன்று வருஷம் கழித்துச் சேர்ந்தேன். எக்கியார்குப்பத்து முருகையன் காமாலையில் போனார். வானூர்ப் பக்கம் தங்கராசு குடித்துக் குடித்துக் குடல் வெந்து போனார். தெலுங்கர் ஒருவர் க்ஷயம் என்று ஊருக்குப் போனார், அப்புறம் சேதி இல்லை. இரண்டு பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஒருவர் சைக்கிளில் அடிபட்டு இறந்தார். கலியனும் அண்ணனும் இப்போது நீங்கள் சொல்கிற மாதிரி போனார்கள். மீதி மூன்று பேர் வேலையில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வேறு வேறு காரணம். இதில் ஷெட்டைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

நாங்கள் அள்ளுவது வெள்ளை மாவு. காற்றுப் பட்டால் பழுப்பாகும். அதைக் கொப்பரையில் கொட்டினால் சாயம் ஆகும். வாயில் துண்டு கட்டிக்கொள்வோம். வேலை முடிந்து குளிக்கும்போது தண்ணீர் கறுப்பாக ஓடும், வியர்த்தால் தலையணை நீலமாகும், அவ்வளவுதான். தூசி தொண்டையில் தங்காமல் இருக்கக் கம்பெனியில் வெல்லம் கொடுக்கிறார்கள். இருபது வருஷம் நாம் சாப்பிட்டது அந்த மாவு கொடுத்த கூலியில்தான். உப்பளத்திலும்தான் கால் வெடிக்கிறது, கண் போகிறது. வேலை என்றால் அப்படித்தான்.

அந்தோணிதாஸ் நன்றாக வேலை செய்கிறான்.

சவரிநாதன்


மரக்காணம்
24-3-1975

தம்பி சவரிநாதனுக்கு,

நீங்கள் எழுதிய பெயர்களில் இரண்டு வீட்டுக்குப் போய்வந்தேன். ஆராயியும் கூட வந்தாள்.

எக்கியார்குப்பத்தில் முருகையன் பெண்டாட்டி முத்தம்மாள் வலையில் இருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். அவர் எப்படி இறந்தார் என்று கேட்டேன். "காமாலைக்கா. கண்ணெல்லாம் மஞ்சளாப் போச்சு" என்றாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். மீனைப் பிரிக்கிற கையும் நிற்கவில்லை.

எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் என் கதையைச் சொல்லிவிட்டேன். "எம் புருஷனுக்கு ஒண்ணுக்குப் போனா ரத்தமா போச்சு. நான் அவரைத் தப்பா நெனச்சு மாட்டுக் கொட்டகையில போட்டேன்" என்றேன். இதை அதற்கு முன்னால் ஒரு மனுஷரிடமும் என் வாயால் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூட. முத்தம்மாள் கை நின்றுவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "அவருக்கும்தான்க்கா. மூணு வருசமா. புள்ளைங்களுக்குப் பேரு கெட்டுடும்னு காமாலைன்னு சொல்லிட்டோம். கடைசியில மஞ்சளா ஆனதும் நெசந்தான்" என்றாள்.

வானூர்ப் பக்கம் தங்கராசு பெண்டாட்டி தெய்வநாயகி எங்களைத் திட்டித் துரத்தினாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னாலேயே ஓடிவந்தாள். "அவரு குடிச்சதே வலி தாங்காமத்தான். முன்னாடி தொடமாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி, காமாலை என்றும் குடி என்றும் வயோதிகம் என்றும் மாரடைப்பு என்றும் நாலு கணக்கில் நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள். நாலு வீட்டிலும் மணல் சிவந்துதான் இருக்கிறது.

அந்தோணிதாஸை அந்த ஷெட்டில் இருந்து எடுத்துவிடுங்கள். வேறு ஷெட், வாட்ச்மேன் வேலை, எதுவானாலும் பரவாயில்லை. இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். ஈஸ்டருக்குக் கல்யாணம் வேண்டாம், தள்ளிவைக்கிறேன் என்று அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. மரியசெல்வி என்னோடு பேசுவதில்லை.

லூர்துமேரி


திருவொற்றியூர்
18-4-1975

அண்ணிக்கு,

வீடு வீடாகப் போய்ப் பேசியது இங்கே வரை வந்துவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ப் பொம்பளைங்க என்னமோ கதை கட்டுறாங்களாமே" என்றார். நான் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தோணிதாஸை எடுக்க முடியாது. ஷெட் மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. வேலையை விட்டு நிறுத்தினால் மறுபடி சம்பந்தம் முறியும். முறிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். செய்தது போதாதென்று மகள் வாழ்க்கையிலும் விளையாடாதீர்கள்.

சவரிநாதன்


மரக்காணம்
2-5-1975

தம்பிக்கு,

ஜனவரியில் உங்களிடம் இரண்டு கேள்வி கேட்டேன். முதல் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதினீர்கள். இரண்டாவதற்குப் பதிலே இல்லை. நான் மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். என் புருஷன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனார். நான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். உங்களையும் அப்படித் தப்பாகப் புரிந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை.

உங்களுக்கும் ரத்தம் போகிறதா?

லூர்துமேரி


திருவொற்றியூர்
15-6-1975

அன்புள்ள அண்ணி,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

போகிறது. போன கல்லறைத் திருநாளன்று முதல் தடவை பார்த்தேன். அண்ணன் குழிக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்த அன்று. அப்புறம் நின்றது, அப்புறம் வந்தது. இப்போது நிற்பதே இல்லை. நான் உங்களுக்கு வெல்லம், தலையணை என்றெல்லாம் எழுதியபோதே எனக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், அண்ணி, நீங்கள் கேட்ட அந்த மாதிரி இடத்துக்கு நான் போயிருக்கிறேன். அண்ணன் இல்லை. நான். ஏழு வருஷத்துக்கு முன்னால், இரண்டு தடவை. அதனால் எனக்கு வந்தபோது கர்த்தர் கணக்குப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். இதை எந்த டாக்டரிடம் போய்க் காட்டுவது?

இதைவிடக் கேவலமான ஒன்றை எழுத வேண்டும். அண்ணனுக்கு முதலில் வந்தபோது, அந்தக் கிறிஸ்மஸ் லீவுக்கு முன்னால், ஒரு நாள் ரூமில் என்னைக் கேட்டார்: "டேய் சவரி, நான் ஒரு தப்பும் பண்ணலடா. எனக்கு ஏன்டா இது?" நான் அவரை நம்பவில்லை. நாமே போயிருக்கிறோம், இவர் மட்டும் போகாமல் இருந்திருப்பாரா என்று நினைத்தேன். "தெரியலண்ணா" என்று சொல்லிவிட்டுப் பீடி குடிக்க வெளியே போய்விட்டேன். அன்றிலிருந்து அவர் குடித்த பானையில் நான் தண்ணீர் குடிக்கவில்லை. கடைக்குப் போய்க் குடித்தேன். அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பானைக்கு மேல் இரண்டாவது டம்ளர் ஒன்று வாங்கி வைத்திருந்தார், எனக்கு என்று. ஊரில் இருந்து வந்தவுடனே வாங்கியிருக்கிறார். நீங்கள் செய்ததைப் பார்த்து, இப்படி வைத்தால் நான் தண்ணீர் குடிப்பேன் என்று நினைத்திருக்கிறார்.

நீங்கள் செய்ததற்கு ஊரே சாட்சி. நான் செய்தது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அதனால்தான் உங்களை அவ்வளவு பேசினேன். தந்தி அடிக்காததற்கும் அதுதான் காரணம். நீங்கள் வந்து அவர் தலைமாட்டில் அழுதிருந்தால் நான் எங்கே போய் நின்றிருப்பேன்?

நீங்கள் முதல் கடிதத்தில் கேட்டதற்குப் பதில்: இல்லை. அண்ணன் எங்கேயும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், வந்து துணி துவைப்பார், உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து என்ன எழுதுவது என்று தெரியாமல் தூங்கிவிடுவார்.

சவரிநாதன்


மரக்காணம்
21-6-1975

தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை வருகிறேன். திண்டிவனம் போய் பஸ் மாறி வந்து சேரப் பத்து மணி ஆகும். அண்ணன் இருந்த அதே ஆஸ்பத்திரி வாசலில் நில்லுங்கள். டாக்டரிடம் நீங்கள் பேசக் கூச்சப்பட்டால் நான் பேசுகிறேன். எனக்கு இப்போது பழகிவிட்டது.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாம் இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறோம். அதைப் பற்றி வேறு எழுத எனக்கு ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை கட்டாயம் நில்லுங்கள்.

லூர்துமேரி


திருவொற்றியூர்
28-9-1975

அன்புள்ள அண்ணி,

ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டுவிட்டு நீங்கள் ஊருக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. நான் வார்டில் இருந்து ரூமுக்கு வந்துவிட்டேன். குழாயை எடுத்துவிட்டார்கள். கட்டியைச் சுரண்டி எடுத்தது போக வேர் கொஞ்சம் இருக்கிறதாம். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை தடவை என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார் அந்தச் சின்ன டாக்டர். பொய் சொல்லத் தெரியாத ஆள்.

அன்றைக்கு நீங்கள் டாக்டர் முன்னால் மூச்சுவிடாமல் சொன்ன பெயர்களை எல்லாம் அவர் என் சீட்டுக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் போன பிறகு ஒரு நாள் என்ன சொன்னார் தெரியுமா? "சீமையில இந்த மாவு செய்யறதையே எட்டு வருஷம் முன்னாடி நிறுத்திட்டாங்க. இது தோல் வழியாவே உள்ள போகும். போய் மூத்திரப்பையில உட்கார்ந்துக்கும்" என்றார். எனக்கு எழுதிய சீட்டில் வியாதியின் பெயரோடு, எந்த வேலை, எத்தனை வருஷம் என்றும் எழுதியிருக்கிறார். கம்பெனி டாக்டரிடம் அதைக் கொடுத்தேன். "பீடி குடிப்பியா?" என்றார். குடிப்பேன் என்றேன். "அதான்" என்று எழுதிக்கொண்டார். என்னால் சண்டை போட முடியவில்லை, அண்ணி. வேலையில் இருந்து நின்றுவிட்டேன்.

நிற்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். அந்தோணிதாஸை ரூமுக்குக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். அவன் சிரித்தான். "எனக்கு ஒண்ணும் இல்லையே மாமா. இரும்பு மாதிரி இருக்கேன்" என்றான். "இங்க விட்டுட்டுப் போனா உப்பளத்துல மழைக்காலத்துல என்னா பண்றது? நீங்க சோறு போடுவீங்களா?" என்றும் கேட்டான். நியாயமான கேள்விதான். எழுந்து பின்பக்கம் போய், அவனையும் கூப்பிட்டு, அவன் எதிரிலேயே ஒண்ணுக்குப் போனேன். கடைசியில் வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவன் என் தோளைத் தாங்கிப் பிடித்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "நாளைக்குக் கணக்கு முடிச்சுக்கறேன் மாமா" என்றான். இந்த மாசக் கடைசியில் ஊருக்கு வருகிறான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. டாக்டரிடம் அவனைக் காட்டினேன். இப்போது சுத்தமாக இருக்கிறதாம். ஆனால் ஒன்பது மாசம் அள்ளியிருக்கிறான். "வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. வந்தா பதினஞ்சு, இருபது வருஷம் கழிச்சு வரும். வருஷம் ஒரு தடவை பார்த்துக்கணும்" என்றார். அவனை அங்கே சேர்த்துவிட்டது நான். மரியசெல்வியிடம் இதைச் சொல்லுங்கள். நான் சொல்லத் துணிவில்லை.

உங்கள்
சவரிநாதன்


மரக்காணம்
4-1-1976

அன்புள்ள தம்பிக்கு,

மரியே வாழ்க. மழை விட்டுவிட்டது. பாத்தி மிதிக்கும் வேலை ஆரம்பித்துவிட்டார்கள். ஆராயி, நான், இப்போது அந்தோணிதாஸும். சேறு முழங்கால் வரை இருக்கிறது. அவன் அப்பா ஒரு மாசம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மகனுடைய நல்ல வேலையைக் கெடுத்த பொம்பளை நான். அப்புறம் அந்தோணிதாஸ் அவரிடம் என்ன சொன்னானோ தெரியாது. கிறிஸ்மஸுக்கு மறுநாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

முத்தம்மாள், ஆராயி, நான், மூன்று பேரும் கம்பவுண்டர் கடைக்குப் போனோம். தெய்வநாயகி வரவில்லை. உங்கள் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். ஆள் நிறைய இருந்தார்கள், எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். குழந்தைசாமி, "நான் என்னாத்த கண்டேன்மா? சிவப்பாப் போனா அதுதான்னு நாங்க படிச்சோம்" என்றார். "இனிமே ஒருத்தன் வந்தா, எவகிட்ட போனேன்னு கேக்காதீங்க. எங்க வேலை செஞ்சேன்னு கேளுங்க" என்றேன். சரி என்றார். கேட்பாரா என்று தெரியாது. வெளியே வந்து முத்தம்மாள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்க வேண்டும் போல இருந்தது.

மரியசெல்வியிடம் சொல்லச் சொன்னீர்கள். அக்டோபரில் இருந்து தள்ளிக்கொண்டே வந்தேன். கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிப்பதற்கு முந்தின நாள்தான், அதாவது நேற்றுத்தான், சொன்னேன். இனித் தள்ள நாள் இல்லை. அவள் முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டேன். என் வாயால் சொன்னால் எங்கேயாவது குறைத்துச் சொல்லிவிடுவேன் என்று பயம்.

முழுவதும் படித்தாள். டம்ளர், தந்தி எல்லாம் எழுதிய முந்தின கடிதத்தையும் கேட்டு வாங்கிப் படித்தாள். அவள் அப்பாவைப் பற்றி நான் தப்பாகச் சொன்னதை நம்பியிருந்த பெண். இரண்டையும் மடித்து என் கையில் கொடுத்தாள். "அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். டாக்டர் சொன்னபோது அந்தோணிதாஸும் பக்கத்தில்தான் இருந்தான் என்றேன். "தெரிஞ்சுதான் ஓலை வாசிக்கச் சொன்னாரா?" என்றாள். ஆமாம், உனக்கு வேண்டாம் என்றால் சாமியாரிடம் இன்றைக்கே போய்ச் சொல்லிவிடலாம், ஊர் பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவள் முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். "பதினஞ்சு வருஷம்னா எவ்வளவோ நாளும்மா" என்றாள். "நீயும் அப்பாவும் ரெண்டு வருஷம்தானே இருந்தீங்க."

இன்றைக்கு முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை காலைப் பூசையில். பெண்ணைக் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப் போக ஆள் வேண்டும். சனிக்கிழமையே வந்துவிடுங்கள். பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருங்கள், பின்னால் தூக்கிப் போடும். வழியில் இறங்க வேண்டியிருந்தால் கண்டக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நடு அறையில் உங்களுக்குக் கட்டில் போட்டிருக்கிறேன்.

உங்கள் அண்ணி
லூர்துமேரி